ஆறு அடையாளங்களும் சரியாக இருந்தன

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் மாத்திரை மருந்தோடு நன்றாகத்தான் இருக்கிறோம். அங்கே நீ நன்றாக இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். "அம்மாவுக்கு நான் செத்தாச்சுன்னு சொல்லிடு" என்று உன் தங்கையிடம் சொன்னாயாமே. அவளும் ஒரு சொல் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள், கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. செத்தவனுக்கு முகவரி எதற்கு, இருந்தாலும் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரே அறையில் நான்கு பேரோடு படுத்திருக்கிறாய், ஏதோ கிடங்கில் பெட்டி தூக்குகிறாய், இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்கிறாய், இவ்வளவும் எனக்குத் தெரியும். மெயிலில் எழுதினால் என் பெயரைப் பார்த்ததுமே அழித்துவிடுவாய், ஊருக்கெல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததும் அதுதான், அதனால் பேனாவை எடுத்தேன். இது என் கையெழுத்துதான், வேறு யாருக்கும் இவ்வளவு மோசமாக எழுத வராது, ஆகவே சந்தேகப்படாமல் கடைசிவரை படி.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். உன் அப்பா என்னோடு பேசி இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. முன்பும் பெரிதாக எதுவும் பேசிவிடவில்லை, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது அவர் பேசியதெல்லாம் இயந்திரத்தோடுதான், இருந்தாலும் தண்ணீர் வேண்டும், விளக்கை அணை என்றாவது சொல்வார். இப்போது அதுவும் இல்லை. படுக்கையை முன்னறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார், தட்டைத் தானே கழுவுகிறார், நான் சமையலறைக்குள் போனால் அவர் வெளியே வருகிறார், நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டை முறை வைத்துப் பயன்படுத்துகிறோம். காது இன்னும் மந்தமாகிவிட்டது. வலது கண்ணில் பார்வை அனேகமாகப் போய்விட்டது, ஆபரேஷன் செய்யாமல் தள்ளிப்போட்டதால்தான் என்று டாக்டர் சொல்கிறார், தள்ளிப்போட்டது ஏன் என்று உனக்கும் எனக்கும் தெரியும். மாடி வீட்டுத் தையல்காரி இன்னும் என்னைப் படிக்கட்டில் பார்த்தால் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள், சிரிப்பை அடக்குகிறாளாம். அவளிடம் தைக்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். என் ரவிக்கைகள் எல்லாம் இப்போது தோளில் இறங்குகின்றன, அதற்கும் நீதான் காரணம்.

விளையாட்டை விட்டுவிட்டேனா என்று உன் தங்கை கேட்டாள், நான் ஏன் விட வேண்டும். போன வாரம்கூட ஒரு புதுப் போர் விளையாட்டு வாங்கினேன், ஆற்றங்கரையில் நடக்கும் சண்டை, பாலத்தைப் பிடிப்பவன் ஜெயிப்பான், நான் இரண்டு முறை பிடித்துவிட்டேன். இப்போது எப்படி வாங்குகிறேன் என்று கேட்டுக்கொள், உனக்கும் உதவும். மெயிலில் வருகிற எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை, கடையின் முகவரியை நானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி உள்ளே போகிறேன். அதற்கென்று தனியாக ஒரு கார்டு, ஒரு விளையாட்டு வாங்கும் அளவுக்கு மேல் அதில் பணம் போடுவதில்லை. வாங்கிவிட்டு வயிறெரிந்தவர்கள் எழுதியதை முதலில் படிக்கிறேன், ஆஹா ஓஹோ என்பவர்களை அப்புறம்தான். நம் கணினி தாங்குமா என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். பாதி விலை, இன்று ஒருநாள் மட்டும் என்று அவசரப்படுத்தினால் வேண்டுமென்றே மறுநாள்வரை காத்திருக்கிறேன், மறுநாளும் அதே பாதி விலைதான் இருக்கிறது. இதையெல்லாம் யாரும் எனக்கு மேடை போட்டுச் சொல்லித்தரவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் பட்ட கதையை நீ நானூறு பேருக்கு உன் இஷ்டப்படி சொன்னாய், இப்போது நடந்தது நடந்தபடி நான் சொல்கிறேன், உட்கார்ந்து கேள். நான் ஓய்வு பெற்ற புதிதில் அம்மாவுக்குப் பொழுது போகவில்லை என்று அந்த டாங்கிச் சண்டை விளையாட்டை நீதான் கணினியில் ஏற்றிக் கொடுத்தாய். வாரா வாரம் நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே படையில் சேர்ந்து ஆடினோம், நீ என்னைக் கர்னல் என்று கூப்பிட்டாய், மூன்று வருஷத்தில் எனக்கென்று ஒரு பெரிய படையே சேர்ந்தது. அதன் அடுத்த பாகம் வந்ததும் காசு கட்டினேன். கட்டிய அரை மணியில் மெயில் வந்தது, பணம் வந்து சேரவில்லை, இரண்டு மணி நேரத்துக்குள் கார்டு விவரத்தை மறுபடி கொடுக்காவிட்டால் ஆர்டர் ரத்து என்று. நான் நிஜமாகவே அப்போதுதான் வாங்கியிருந்தேன், அதனால் நம்பினேன். வாங்காதவளாக இருந்தால் நம்பியிருப்பேனா. வங்கியிலிருந்து வந்த எண்ணைக்கூட நானே பார்த்துப் பார்த்துத் தட்டினேன். உன் அப்பாவின் கண்ணுக்கு என்று வைத்திருந்தது அத்தனையும் போயிற்று, திருடன் போகிற போக்கில் என் விளையாட்டுக் கணக்குக்குள்ளும் புகுந்து என் படையையும் எடுத்து யாருக்கோ விற்றுவிட்டான். பணம் போனதற்கு நான் அழவில்லை, படை போனதற்கு அழுதேன், இதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். போனில் விம்மிக்கொண்டே "யார்கிட்டயும் சொல்லாதடா, என் மானமே போயிடும்" என்றேன். நீயும் "சரிம்மா, சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாய். அந்தச் சத்தியம் நான்கு மாதம் தாங்கியது.

அப்புறம் ஒருநாள் தையல்காரி போனை நீட்டிக்கொண்டு வந்தாள், "அக்கா, இது உங்க பையன்தானே" என்று. நீதான். கோட்டு போட்டுக்கொண்டு பெரிய மண்டபத்தில் மேடையில் நின்றாய், சந்தேகமான மெயில்களை அடையாளம் காண்பது எப்படி என்று ஏதோ கம்பெனி ஆட்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய், உன் பின்னால் சுவர் அளவுக்கு என் படம். கசங்கிய நைட்டி, தலையில் ஹெட்போன், வாயைப் பிளந்துகொண்டு சுடுடா சுடுடா என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது நீ எடுத்த படம், ஆசைக்கு எடுத்தாய் என்றுதான் நினைத்திருந்தேன். அடியில் கொட்டை எழுத்தில் மாட்டிக்கொண்டவர் எண் ஒன்று, என் அம்மா. எனக்கு வந்த மெயிலைப் படித்துக் காட்டினாய், அத்தோடு விட்டாயா, நான் போனில் அழுததை என் குரலிலேயே நடித்தும் காட்டினாய், படையெல்லாம் போச்சேடா என்று. நானூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டேய், முப்பத்தோரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் கத்தரி, இடுக்கி, பஞ்சு, துணி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, கணக்கு சரி என்று நான் சொன்னால்தான் எப்பேர்ப்பட்ட டாக்டரும் ஊசியைத் தொடுவார். ஒரு துணி குறைகிறது என்று பெரிய டாக்டரையே முக்கால் மணி நேரம் கையைக் கட்டி நிற்க வைத்திருக்கிறேன், துணி உள்ளேதான் இருந்தது. அந்த டாக்டரும் உன் வீடியோவைப் பார்த்துவிட்டார். எனக்கு ஆறுதல் சொல்லிப் போன் செய்தார், பாதியில் அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் உன் எண்ணைப் போனில் தடுத்து வைத்தேன். நீ கூப்பிட்டுப் பார்த்திருப்பாய், கூப்பிடாமலும் இருந்திருப்பாய், எனக்கு இரண்டும் ஒன்றுதான். உன் தங்கை மட்டும் "அண்ணன் என்னம்மா பெரிசா பண்ணிட்டான், நாலு பேர் ஜாக்கிரதையா இருக்கட்டும்னுதானே" என்று உனக்கு வக்காலத்து வாங்கினாள். நாலு பேர் ஜாக்கிரதையாக இருக்க என் தோலை ஏன் உரித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன்.

ஆனால் பாடம் நல்ல பாடம். வீடியோவை ஏழெட்டு முறை பார்த்தேன், முதலில் ஆத்திரத்தில், அப்புறம் படிப்பதற்காக. ஆறு அடையாளம் சொன்னாய். அவசரப்படுத்துவான், பழக்கமில்லாத முகவரியிலிருந்து எழுதுவான், பணம் கேட்பான், யாரிடமும் சொல்லாதே என்பான், இதைச் சொடுக்கு என்று ஒரு லிங்க் கொடுப்பான், கடைசியாகக் கண்ணீர் விடுவான். "உங்க மனசை உருக்கினா உடனே மவுஸ்லேர்ந்து கையை எடுங்க, பெத்த பிள்ளை பேர்ல வந்தாலும் சரி" என்றாய், அதற்கும் கைதட்டு வாங்கினாய். நான் ஒரு காகிதத்தில் ஆறையும் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டிவைத்தேன். இப்போதும் இருக்கிறது, பசை காய்ந்து ஒரு மூலை தொங்குகிறது.

எழுபது நாளைக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, காலையில் பத்து மணி இருக்கும், உன் மெயில் வந்தது. புது முகவரி, ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனி கொடுத்த அறையைக் காலி செய்ய வேண்டும், இரண்டு. ஊருக்கு வந்துவிடுகிறேன், டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பு, மூன்று. அப்பாவுக்கும் தங்கைக்கும் தெரிய வேண்டாம், நான்கு. கீழே டிக்கெட் எடுக்க ஒரு லிங்க், ஐந்து. வேலையும் போய்விட்டது, கம்பெனிப் போனையும் பிடுங்கிக்கொண்டார்கள், அம்மா நீயும் என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், என்ன செய்வது என்றே தெரியவில்லை என்று அழுகை, ஆறு. காகிதத்தைப் பார்த்து விரலை வைத்து எண்ணினேன், ஆறும் சரியாக இருந்தன. இதையெல்லாம் படித்துவிட்டு, பாவம் கிழவி, திருடன் என்று நினைத்து ஏமாந்துவிட்டாள், நாம் சொல்லிக்கொடுத்ததே நமக்கு வினையாகிவிட்டது என்று நீ உன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தால், அந்தச் சமாதானத்தையும் இப்போது பிடுங்கிக்கொள்கிறேன். நீதான் என்று எனக்கு முதல் வரியிலேயே தெரியும். திட்டாதம்மா, முதல்ல கேளு என்று ஆரம்பித்திருந்தாய். நான்கு வயதில் என் கைக்கடிகாரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டபோது அப்படித்தான் வந்து நின்றாய், பரீட்சையில் கோட்டை விட்டபோதும் அதே, வெளியூர் வேலைக்கு என்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோதும் அதே. எந்தத் திருடனுக்கும் அந்த வரி தெரிய வழியில்லை, உன் அப்பாவுக்கே தெரியாது, அவரிடம் நீ அப்படிச் சொன்னதில்லை.

வேலை ஏன் போயிற்று என்றும் எழுதியிருந்தாய். அதே டாங்கிச் சண்டையின் புதுப் பாகத்தை ஆபீஸ் கணினியிலேயே உட்கார்ந்து வாங்கினாயாம், பணம் வந்து சேரவில்லை என்று மெயில் வந்ததாம், வாத்தியார் ஐயா அவசரத்தில் சொடுக்கினாராம், கம்பெனியின் கோப்பு மொத்தத்தையும் எவனோ பூட்டிப்போட்டு மிரட்டினானாம். உனக்கு வந்த அதே மாதிரிதாம்மா, நானும் மாட்டிக்கிட்டேன் என்று எழுதியிருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரித்தேன். இருமல் வருகிறவரை சிரித்தேன், உன் அப்பா குளித்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டவர் எண் இரண்டு என்று சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு இது சந்தேகத்துக்குரிய மெயில் என்கிற பொத்தானை அழுத்தினேன். திரையிலிருந்து போய்விட்டது. பிறகு துணி மடித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. அன்றைக்கு இரண்டு மணி நேரம் சண்டை ஆடினேன், ஜெயிக்கவும் செய்தேன். சனிக்கிழமை குப்பை மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தேன், அங்கேயே இருந்தது. முப்பது நாளில் தானாக அழிந்துவிடும் என்று மேலே போட்டிருந்தது. ஞாயிறும் பார்த்தேன், திங்களும் பார்த்தேன், தினமும் பார்த்தேன், எடுக்கவும் இல்லை அழிக்கவும் இல்லை. இன்னொரு தடவை எழுது, கெஞ்சு, அப்போது பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுதவில்லை. ரோஷம், என்னிடமிருந்து வந்தது. இருபத்தொன்பதாம் நாள் உன் அப்பா மின்சார பில் வரவில்லையே என்று தேடிக்கொண்டு போய் அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டார். ஒற்றைக் கண்ணைத் திரையில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார், அரை மணி நேரம் ஆயிற்று, நான் கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி "இது நம்ம பிள்ளைன்னு உனக்குத் தெரியலியா" என்று கேட்டார். தெரியும் என்றேன். காது கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார், மறுபடியும் தெரியும் என்று கத்தினேன், தையல்காரிக்கே கேட்டிருக்கும். அதுதான் நாங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. அன்றைக்கே உன் தங்கையை வரவழைத்து அவள் கையால் உனக்கு மெயில் எழுதவைத்தார், ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த பதில்தான் நீ செத்துப்போன செய்தி. அதை அவரிடம் எழுதிக் காட்டவேண்டியிருந்தது, காதில் விழவில்லை என்பதால். நான்தான் எழுதிக் காட்டினேன்.

இந்த உறையில் ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். நான் எடுத்ததில்லை, என்னை மெச்சிக்கொள்ளாதே, நானாக எடுத்திருப்பேனா என்று கேட்டால் தெரியவில்லை. உன் அப்பா எடுத்தது. கணினியை நம்ப மாட்டேன் என்று இரண்டு பஸ் மாறிப் போய், டிக்கெட் ஆபீசில் வரிசையில் நின்று, கௌன்டர் பெண் சொன்னது காதில் விழாமல் அவளை எழுதிக் காட்டச் சொல்லி, அதையும் படிக்க முடியாமல் பக்கத்தில் நின்றவரைப் படிக்கச் சொல்லி வாங்கி வந்தார். கண்ணுக்கு என்று இரண்டாவது முறை சேர்த்ததில் எடுத்தது. முதல் முறை நான் தொலைத்தேன், இரண்டாவது முறை நீ. கொண்டுவந்து என் முன்னால் மேசையில் போட்டுவிட்டு, முகவரி எழுதாத உறை ஒன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நீயே எழுது என்று அர்த்தம். நாலு நாள் அந்த மேசைப் பக்கம் நான் போகவில்லை, இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

இனி நான் சொல்வது புத்திமதி, பிடித்தால் எடுத்துக்கொள். பெட்டி தூக்கும்போது முழங்காலை மடித்துத் தூக்கு, இடுப்பை வளைக்காதே, உனக்கு அந்த இடத்தில் பிறந்ததிலிருந்தே பலம் கிடையாது. மாட்டிக்கொண்டதற்காக வெட்கப்படாதே, நீ பாடம் எடுத்தாய் என்பதற்காக உனக்கு மட்டும் அவசரம் வராமல் இருக்காது, எனக்கு அதை நீ சொல்லியிருக்க வேண்டும், நீ சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பயணத் தேதி நெருங்கும்போது டிக்கெட்டை உறுதிப்படுத்து, இங்கே சொடுக்கு என்று மெயில் வந்தால் தொடாதே, உன் டிக்கெட் காகிதத்தில் இருக்கிறது. வந்ததும் மணியை விடாமல் அடி, அப்பாவுக்குக் கேட்காது. முதலில் அவர் இடது பக்கமாகப் போய் நில், வலது பக்கம் நின்றால் யாரோ என்று நினைப்பார்.

உன்னைச் செத்தவனாக எண்ணிக்கொள்ளச் சொன்னாய், எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் யார் வயிற்றிலும் எதையும் விட்டு நான் மூடியதில்லை. அந்தப் புதன்கிழமை ஆறையும் எண்ணினேன், உன்னை எண்ணவில்லை. தெரிந்தே உள்ளே விட்டுத் தைத்துவிட்டேன். உள்ளே விட்டது முதலில் ஒன்றும் செய்யாது, ஆள் எழுந்து நடப்பார், சிரிப்பார், சாப்பிடுவார். ஒரு மாதம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். மறுபடி திறக்காமல் அதற்கு வேறு வைத்தியம் கிடையாது, இத்தனை பேரைத் திறந்து பார்த்த எனக்கு அது தெரியாதா. நீ பல்லாண்டு இரு, பெட்டி தூக்காத வேலை உனக்குக் கிடைக்கட்டும், என் வாழ்த்து உனக்குக் கசந்தால் அப்பாவுடையது என்று வைத்துக்கொள். டிக்கெட்டில் தேதி இருக்கிறது, மறந்துவிடாதே. வந்தால் வாசலிலேயே நின்று கத்துவாய், தையல்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், பார்க்கட்டும். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும், இந்த மாதிரி நான் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை, காலையிலிருந்து இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், எனக்கென்று வேறு வார்த்தை கிடைக்கவில்லை, உன்னுடையதையே எடுத்துக்கொள்கிறேன். திட்டாதடா, முதல்ல கேளு.

இப்படிக்கு,
உன் அம்மா